வலது பின்விளக்கில் ஈரம்

அக்டோபர் 6, திங்கள்

இன்று ஒன்பது பேருக்குக் காது பரிசோதித்தேன். கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். சத்தம் கேட்டால் மட்டும் பொத்தானை அழுத்துங்கள் என்று மூன்று முறை சொல்லியும், நான் சத்தமே அனுப்பாத இடங்களிலெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளையைப் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனியாக இருப்பவர்கள்தான் இப்படி அதிகமாக அழுத்துகிறார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. பத்தொன்பது வருடம் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததில் வந்தது.

வேலைக்கு வெளியே நான் இன்று பேசியது: காய்கறிக் கடையில் "பை வேண்டாம்". அவ்வளவுதான். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம்.

காரைப் பூட்டும்போது கவனித்தேன். வலது பக்கப் பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி மங்கலாக இருந்தது. விரலால் துடைத்தேன், போகவில்லை. ஈரம் உள்பக்கம்.

அக்டோபர் 8, புதன்

இரண்டு நாளாக விடாத மழை. விளக்குக்குள் முத்து முத்தாக வேர்த்திருக்கிறது. நமக்கு வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம், இதற்கு யார் துடைப்பது?

அக்டோபர் 9, வியாழன்

வேலை முடிந்து வரும் வழியில் அகலமான டேப்பும் ஒரு குழாய்ப் பசையும் வாங்கினேன். மழை விட்டிருந்தது. வண்டி நிறுத்தும் ஷெட்டில் முழங்காலிட்டு, விளக்கைச் சுற்றி ஓர் இடுக்கு விடாமல் பசை தடவி அதன்மேல் டேப்பை ஒட்டினேன். அடி ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. தண்ணீர் இதன் வழியாகத்தான் புகுந்திருக்கும் என்று அதையும் சேர்த்து அடைத்தேன். ஒரு மணி நேர வேலை. எழுந்து நின்று பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

கீழ்வீட்டு ஜன்னல் திரை அசைந்த மாதிரி இருந்தது. அங்கே ஒரு பெண்மணி தனியாக இருக்கிறார். நான் வந்த நாளிலிருந்து அவர் பேசி நான் கேட்டதில்லை.

அக்டோபர் 11, சனி

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. டேப் ஒட்டிய பிறகு ஈரம் குறையவில்லை, கூடிவிட்டது. கண்ணாடி முழுக்க வெள்ளையாகி, உள்ளே பல்பு இருப்பதே தெரியவில்லை.

குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல். "மூச்சு விடற ஓட்டையையும் சேத்து அடைச்சுட்டீங்க."

கீழ்வீட்டுப் பெண்மணிதான். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். ஆண்கள் கட்டுவது போன்ற பெரிய கைக்கடிகாரம் கட்டியிருந்தார். இடுப்பில் கை வைத்து நின்ற விதத்தைப் பார்த்தால் ஊரையே நிறுத்திவைத்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது.

"அது எதுக்கு ஓட்டை?" என்று கேட்டேன்.

"விளக்கு எரிஞ்சா உள்ள சூடாகும், காத்து வெளிய போகணும். அணைஞ்சா திரும்ப உள்ள வரணும். வழிய அடைச்சா ஈரம் எங்க போகும்? உள்ளயேதான் கெடக்கும். வியாழக்கிழமையே பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"அவ்வளவு அக்கறையா ஒட்டிட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவராம். கண்ணில் பக்கவாட்டுப் பார்வை குறைந்துவிட்டது என்று போன வருடம் இறக்கிவிட்டார்களாம். "நேரா பாத்தா ஊசில நூல் கோத்துடுவேன். பக்கத்துல யாராவது நின்னாத்தான் தெரியாது," என்றார். அவரே டேப்பை உரித்தார், ஓட்டையில் இருந்த பசையை ஊக்கால் நோண்டி எடுத்தார். ஆனால் இது போதாதாம். நாளைக் காலை பத்து மணிக்கு விளக்கையே கழற்ற வேண்டுமாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

பத்து மணி என்றால் பத்து மணி. கையில் ஒரு ஸ்பேனர், ஒரு பழைய துண்டு.

டிக்கியைத் திறந்து, ஓரத்துணியை விலக்கினால் உள்ளே இரண்டு நட்டு. இரண்டையும் கழற்றிவிட்டு விளக்கை நேராகப் பின்னால் இழுத்தார். வயர்கள் தொங்க, அது வந்தது. பல்பு மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் துண்டைக் கால் சுற்றுத் திருப்பினால் அதுவும் கையோடு வந்துவிடுகிறது. இவ்வளவு சுலபமா! முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். "சூட்டுல வளைஞ்சுக்கும். வெயில் போதும்," என்றார். துண்டை விரித்து, விளக்கைக் கவிழ்த்து வைத்தோம். காய மூன்று மணி நேரம் ஆகும்.

மூன்று மணி நேரமும் அவர் போகவில்லை. நானும் மேலே போகவில்லை. தேநீர் போட்டுவர மட்டும் ஏறினேன். மதில் ஓரத்தில் உட்கார்ந்து, காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அதிலிருந்து என்னைக் "காது டாக்டர்" என்கிறார். நான் டாக்டர் இல்லை என்றேன். "நானும் பைலட் இல்ல. எங்க டெப்போல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க," என்றார்.

திரும்பப் பொருத்தியதும், பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். இத்தனை வருடம் நான் இதைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவர் உள்ளே ஏறினார். "எரியுது," என்றேன். விட்டார், மிதித்தார். "எரியுது." போதும் என்ற பிறகும் அவர் இறங்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி, எதிரே இருந்த மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே நின்றேன்.

இறங்கி வந்து, உள்ளே இருக்கும் ரப்பர் பட்டை போய்விட்டது, புதிது வாங்கி அடுத்த ஞாயிறு போடலாம் என்றார்.

சாயங்காலம் அக்காவின் வாராந்தரப் போன். "அந்த டப்பா வண்டிய வித்துத் தொலை. அங்க பேச்சுத்துணைக்கு யாராவது உண்டா?" எட்டு மாதமாக "நிறைய பேர் இருக்காங்கக்கா" என்று புளுகிக்கொண்டிருந்தேன். இன்று, "கீழ ஒருத்தங்க இருக்காங்க," என்றேன். எண்ணிக்கை குறைந்ததை அக்கா கவனிக்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

புது ரப்பர் போட்டாயிற்று. நான் தேநீரோடு இறங்கி வந்தபோது, டிக்கிக்குள் தலையை விட்டு, நகப்பூச்சுப் புட்டியோடு ஏதோ செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு நட்டின்மேலும் ஆரம்பித்து, பக்கத்துத் தகடு வரை ஒரு சின்னச் சிவப்புக் கோடு.

"டெப்போ பழக்கம். காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தி வந்து பாக்கணும். கோடு நேரா இருந்தா நட்டு நகரலன்னு அர்த்தம். தானாவும் கழலல, யாரும் தொடவும் இல்ல."

"நகப்பூச்சு உங்களுதா?"

"ஏன், நான் பூசக் கூடாதா?" என்றார். நகத்தில் இருந்தது கிரீஸ்தான். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து ரொம்ப நாளாயிற்று என்பதால் எனக்கு இருமல் வந்துவிட்டது.

அக்டோபர் 26, ஞாயிறு

வலது பக்கம் கெட்டால் இடது பக்கமும் கெடும், அதையும் பார்த்துவிடலாம் என்றார். கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். ஒரு சொட்டு ஈரமில்லை. "இனிமே உங்களுக்குக் கவலையில்ல, காது டாக்டர்," என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்போது மணி பதினொன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மீதி முழுக்க அப்படியே கிடந்தது.

அக்டோபர் 29, புதன்

கனமழை. விளக்கு பளிச்சென்று காய்ந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

குப்பை போடப் போனபோது அவர் வாசலில் நின்றார். "விளக்கு எப்படி?" "நல்லா இருக்கு." "நல்லது." கதவு மூடிக்கொண்டது.

வேறு என்ன சொல்லியிருக்கலாம்? உள்ளே வாங்க என்று அவர் சொல்லவில்லை. மேலே வாங்க என்று நானும் சொல்லவில்லை. படியில் பாதி ஏறி நின்றேன். திரும்பிப் போய்க் கதவைத் தட்டினால் என்ன என்று சொல்வது? வாய்க்கு ஒரு காரணம் வேண்டுமே. பிரிந்து போன என் வீட்டுக்காரர் பதினொரு வருட வாழ்க்கையில் என்னைப் பற்றி உருப்படியாகச் சொன்னது ஒன்றே ஒன்று: "உனக்கு வேலை இல்லாம ஒரு மனுஷன்கிட்ட பேசவே தெரியாது." அன்று சண்டை போட்டேன். இன்று போட மாட்டேன்.

நாற்பத்தொன்பது வயதில் ஒரு கதவைத் தட்டக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 8, சனி

இதை எழுதலாமா? எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்ல?

சாயங்காலம் துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் புட்டியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார், பார்த்துக்கொண்டேன். டிக்கியைத் திறந்தேன். நட்டுகளைத் தொடவில்லை, சிவப்புக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். பல்புத் துண்டை மட்டும் கால் சுற்றுத் திருப்பி எடுத்து, அந்தத் துளை வழியாக உள்ளே நாலு முறை பீய்ச்சினேன். திரும்ப மாட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மேலே வந்து கை கழுவினேன். எதற்குக் கழுவினேன் என்று தெரியவில்லை. அது வெறும் தண்ணீர்தானே.

நவம்பர் 9, ஞாயிறு

"மறுபடியும் வேர்த்திருக்கு," என்று சொன்னேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவர் ஸ்பேனரும் துண்டுமாக வந்தார். டிக்கிக்குள் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "ஈரம் எப்படியாவது வழி கண்டுபிடிச்சு வந்துடும்," என்றார். கழற்றினார். துண்டை விரித்து வெயிலில் வைத்தோம்.

இன்று நல்ல நாள். நான் சமைத்ததை இருவரும் மதில் ஓரத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பு கம்மி என்றார். தினமும் காலை ஆறே கால் வண்டியில் ஏறி உடனே தூங்கிவிடும் ஒரு பயணியைப் பற்றிச் சொன்னார். அந்த ஆள் இறங்க வேண்டிய நிறுத்தம் வரும்போது பிரேக்கை லேசாக ஒரு தட்டுத் தட்டுவாராம். ஆள் முழித்துக்கொண்டு இறங்கிப் போவாராம். "பதினோரு வருஷம். பேரு தெரியாது. நான்தான் எழுப்பறேன்னு அவருக்கும் தெரியாது."

"இப்ப யார் எழுப்பறாங்க?"

"அதைத்தான் நானும் அப்பப்ப நெனச்சுப்பேன்," என்றார்.

போகும்போது கழுத்து வலிக்கு என்ன தைலம் நல்லது என்று கேட்டார். நான் காதுக்காரி, கழுத்து எனக்கு எல்லை தாண்டியது என்றேன். நன்றாகப் பேசினேன் இன்று. என்னை எனக்கே பிடித்திருந்தது. அது பொய்யில் கட்டிய நாள் என்பதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை மறந்தே போயிருந்தேன்.

நவம்பர் 12, புதன்

பரிசோதனை அறையில் ஒருவர் பொத்தானைக் கண்டபடி அழுத்தினார். வழக்கமாக, "கேட்டா மட்டும் அழுத்துங்க" என்பேன். இன்று ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 15, சனி

மறுபடியும் செய்தேன். பத்துத் தடவை பீய்ச்சினேன். அவர் எந்த நேரமும் வெளியே வரலாம் என்ற படபடப்பில் பல்புத் துண்டு சரியாக உட்கார்ந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

இதுதான் கடைசி.

நவம்பர் 16, ஞாயிறு

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு சரியாக எட்டாம் நாள் உடைந்தது.

மறுபடியும் வேர்த்திருக்கிறது என்று கூப்பிட்டேன். விளக்கைக் கழற்றுவதற்கு முன்னால், இன்று என்னை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு அவர் பின்னால் நின்றார். "மிதிங்க." மிதித்தேன். "மிதிங்கன்னேன்." "மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்." பிறகு, "எரியல," என்றார்.

டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. "இங்க வாங்க," என்றார்.

போனேன். பல்புத் துண்டைச் சுட்டிக் காட்டினார். அதன் விளிம்பிலும் ஒரு சிவப்புக் கோடு. நகப்பூச்சு பூசிய அன்று, நான் தேநீர் போட மேலே போயிருந்த நேரத்தில், திரும்பக்கூடிய எல்லாவற்றிலும் கோடு போட்டிருக்கிறார். நட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பல்புத் துண்டில் இருந்த பாதிக் கோடும், விளக்கில் இருந்த பாதிக் கோடும் ஒரு நக அகலம் விலகி நின்றன. உள்ளே பித்தளை முனைகளில் தண்ணீர் பளபளத்தது.

"இந்த வாரம் மழையே பெய்யல," என்றார்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. நின்றேன்.

"ஒரு தடவை எனக்கு முன்னாடி போன கார்ல பிரேக் லைட் எரியல. அவன் நின்னது எனக்குத் தெரியல. என் வண்டில நாப்பது பேரு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, புண்ணியம். ஆனா அந்த இடிச்ச சத்தம் இருக்கு பாருங்க... உங்க மெஷின்ல அதெல்லாம் வராது." பேசிக்கொண்டே கைக்குட்டையால் ஒவ்வொரு முனையாகத் துடைத்தார். "தினமும் இந்த வண்டிலதான வேலைக்குப் போறீங்க? பின்னாடி ஒருத்தன் வருவான்ல? வெளையாட வேற எதுவும் கெடைக்கலயா?"

கோபத்திலும் வேலையை அரைகுறையாக விடவில்லை. துடைத்து, உலர்த்தி, மாட்டி, என்னை மிதிக்கச் சொல்லி, எரிகிறதென்று பார்த்துவிட்டுத்தான் போனார். எரிகிறது என்று எனக்குச் சொல்லவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவர் முகம் விளக்கின் சிவப்பில் தெரிந்தது, அதில் தெரிந்துகொண்டேன்.

ஸ்பேனரை டிக்கியிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

நவம்பர் 17, திங்கள்

என்னத்தச் சொல்ல. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வாயில வரல. சின்னப் புள்ளையா நான்? தண்ணி பீய்ச்சி வெளையாடறதுக்கு? அவங்க என்ன நெனைப்பாங்க — பைத்தியம்னுதான நெனைப்பாங்க. நெனைக்கட்டும். அதுல என்ன தப்பு.

வேலியில் போன ஓணானைப் பிடித்து நானே மடியில் விட்டுக்கொண்டேன்.

நவம்பர் 19, புதன்

கீழ்வீட்டுத் திரை அசையவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அக்கா போன். "அந்தக் கீழ்வீட்டம்மா எப்படி இருக்காங்க?" "நல்லா இருக்காங்க." "பாவம், ஒனக்குத் துணையா ஒருத்தி கெடைச்சாளே." ஆமாம் என்றேன். பழையபடி புளுகு. எட்டு மாதம் புளுகியபோது வலிக்கவில்லை, இன்று வலித்தது. அப்போது இழக்க ஒன்றுமில்லை.

நவம்பர் 26, புதன்

காலையில் வாசல்படியில் எதிர்ப்பட்டார். நான் ஓரமாக ஒதுங்கினேன். பார்க்காமல் போனார். பக்கவாட்டில் நிற்பவர்கள் அவருக்குத் தெரியாதுதான். நிஜமாகவே தெரியவில்லையா, தெரிந்தும் போனாரா? எதிரிலேயே நின்றிருக்கலாம் நான். ஒதுங்கியது என் புத்தி.

நவம்பர் 30, ஞாயிறு

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவர் கதவுவரை போனேன். "இத விட்டுட்டுப் போயிட்டீங்க" என்று சொல்லப் பயிற்சிகூடச் செய்துவிட்டேன். கையைத் தூக்கியபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. மறுபடியும் ஒரு சாக்கு. அன்று தண்ணீர்ப் புட்டி, இன்று ஸ்பேனர். திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 3, புதன்

வேலைக்குக் கிளம்பும்போது ஸ்பேனரை ஒரு பையில் போட்டு அவர் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்தேன். சீட்டு எதுவும் வைக்கவில்லை. இப்போது அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. போவதென்றால் இனி நானாகத்தான் போக வேண்டும்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது பை இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

மழை. விளக்குக்குள் ஒரு துளியும் இல்லை. ஒருவேளை தானாகவே கொஞ்சம் வேர்த்திருந்தால்... வேண்டாம். தண்ணீர்ப் புட்டியைக் குப்பையில் போட்டேன். இனிமேல் சுருக்கத்தோடு உடுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

டிசம்பர் 13, சனி

நாளைக்குப் போகிறேன். எழுதிவிட்டால் போய்த்தானே ஆக வேண்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

போனேன்.

பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்து, திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன். வெறும் கையோடு இறங்கினேன். ஒரு கதவைத் தட்டுவது இவ்வளவு பெரிய வேலையா என்று யாராவது சிரிக்கட்டும். இரண்டு முறை தட்டினேன்.

திறந்தார். என் கையைத்தான் முதலில் பார்த்தார். "விளக்கா?"

"இல்ல. விளக்கு நல்லா இருக்கு."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன்."

அதோடு மீதியும் வந்துவிட்டது. "தண்ணி நான்தான் அடிச்சேன். ரெண்டு தடவை. பிரேக் விளக்கு போகும்னு தெரியாது. தெரியாதுன்னா சரியாயிடாது, அதுவும் தெரியும். மன்னிச்சுடுங்க. நீங்க வரணும்னுதான் செஞ்சேன்."

"ரெண்டு தடவையும் தெரியும்," என்றார்.

"முதல் தடவையுமா?"

"கோடு அன்னைக்கே வெலகியிருந்துச்சு. அழிச்சுட்டுப் புதுசா போட்டேன்."

"ஏன் அப்பவே கேக்கல?"

திரும்பி உள்ளே நடந்தார். கதவு திறந்தே இருந்தது. போவதா நிற்பதா என்று தெரியாமல் நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "வா உள்ள. கதவச் சாத்து, கொசு வரும்."

சின்ன அறை. ஜன்னலை ஒட்டி ஒரே ஒரு நாற்காலி. அதன் மெத்தை நடுவில் குழிந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஷெட்டும் அதில் நிற்கும் வண்டிகளும் தெரிகின்றன. எனக்காகச் சமையலறையிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்தார். அதன்மேல் இருந்த டப்பாக்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் அடுக்கினார். ஆட்கள் வந்து பழகாத வீடு. எனக்குத் தெரியும், என் வீடும் அப்படித்தான்.

அடுப்பில் தேநீருக்கு வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டே பேசினார்.

"அன்னைக்கு டேப்ப உரிச்சு, ஓட்டையத் தொறந்துவிட்டோம்ல. வேலை அதோட முடிஞ்சுது."

எனக்குப் புரியவில்லை. "எந்த வேலை?"

"விளக்கப் போட்டுட்டு ஊரை ஒரு சுத்து சுத்திட்டு வந்திருந்தா, அந்தச் சூட்டுல தானா காஞ்சிருக்கும். எங்க டெப்போல இதுக்கெல்லாம் விளக்கக் கழட்டவே மாட்டோம்."

"அப்ப அந்த ரப்பர்?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"இடது பக்கம்?"

"அதுக்கு என்ன கேடு," என்றார். கரண்டியால் பாத்திரத்தைக் கலக்கிக்கொண்டேயிருந்தார், கலக்க அதில் ஒன்றுமில்லை. "அதுக்கு முன்னாடி பதினாலு மாசமா ஒரு வண்டியையும் தொடல. நீ மண்டி போட்டு ஒட்டிட்டு இருந்தல்ல, அப்பவே வெளிய வரணும்னு இருந்துச்சு. என்னன்னு சொல்லிட்டு வர்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன்."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அழுதிருப்பேன். "நான் ஒரு வாரம் யோசிச்சேன்," என்றேன்.

"ஆனா பிரேக்ல கை வைக்கக் கூடாது. அது வேற," என்றார் திரும்பி. கண் நேராக என்மேல் இருந்தது.

"வைக்க மாட்டேன்."

தேநீர் குடித்தோம். அதன்பிறகு என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன், எழுதும்படி ஒன்றுமில்லை. மழை வருமா என்றார். அவருடைய கழுத்து வலியைப் பற்றிப் பேசினோம். நடுவில் கொஞ்ச நேரம் ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு மணி நேரம் போயிருக்கிறது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நான் மேல வரேன்," என்றார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை.